பேசாப் பங்காளி

துர்காதேவி இறந்து எட்டு மாதம் ஆனபிறகு அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது.

அனுப்பியது காரைக்குடி அரண் கிட்டங்கி. "அன்புள்ள துர்காதேவி, உங்கள் பொருட்கள் நலம். அறை எண் சி-17இன் பூட்டும் நலம். இந்த இனிய நாளில் எதைப் பற்றியும் கவலைப்படாமல் மகிழ்ச்சியாக இருங்கள்." கீழே ஒரு கேக்கின் படம். கேக்கின் மேல் மெழுகுவத்திக்குப் பதிலாக ஒரு பூட்டு.

வாழ்த்து வந்தது அவள் போனுக்கு. அதை அவள் கணவன் பாண்டீஸ்வரன் தினமும் சார்ஜ் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போவான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளன். வகுப்பில் பாடம் நடத்துவான். மற்ற இடங்களில் அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அவள் ஐந்து நாள் காய்ச்சலில் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நெற்குப்பையிலிருந்து, அவள் பிறந்த வீட்டார், ஒரு மினி லாரியோடு வந்தார்கள். பிள்ளை பிறக்காமல் பெண் போய்விட்டால் சீர் சாமான் வந்த வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும், அது அவர்கள் பக்கத்து முறை. யாரும் சண்டை போடவில்லை. குடம், அண்டா, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் அவள் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து ஏற்றினார்கள். பீரோ போயிற்று. கட்டில் போயிற்று. பீரோவுக்குள் இருந்த சேலைகளும் பீரோவோடு போயின. அவன்மேல் பெயர் எதுவும் வெட்டியிருக்கவில்லை. அவனை விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே அந்தப் போனை விட்டால் சி-17இல் இருப்பதுதான் அவளுடையது என்று உலகத்தில் அவன் கைக்கு எட்டக்கூடிய ஒரே பொருள். ஆனால் வாழ்த்தைப் படித்ததும் அவனுக்கு முதலில் வந்தது அந்த நினைப்பு இல்லை. எட்டு மாதமாக எதுவுமே வராத இடத்தில் பொறாமை வந்தது. தனக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு அறை இருந்திருக்கிறது. அந்த அறைக்கு அவள் பிறந்தநாள் தெரிந்திருக்கிறது. அவனுக்கு அந்த வாழ்த்தைப் பார்த்துத்தான் தேதி நினைவுக்கு வந்தது.

அரண் கிட்டங்கி ஒரு பழைய அரிசி ஆலையில் இருந்தது. வீட்டில் இடம் போதாதவர்கள் அங்கே அறை எடுத்துச் சாமானைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போகலாம். பெரிய வீட்டைப் பிரித்து விற்றவர்கள், பிள்ளைகளோடு வெளிநாடு போனவர்கள், பாகம் பிரிந்தும் பாத்திரம் பிரியாதவர்கள் எல்லாம் அங்கேதான் போட்டிருந்தார்கள். வாசல் பலகையில் 'எல்லோரிடமிருந்தும் காக்கிறோம்' என்று எழுதியிருந்தது.

வாசலில் காவலர் சோணைமுத்து நின்றார்.

"செருப்பக் கழட்டுங்க சார்."

கழற்றினான்.

"போனு."

கொடுத்தான்.

"பெல்ட்டு. கழட்டுனா பேண்ட்டு நிக்குமா?"

"நிக்கும்."

"அப்பக் கழட்டுங்க. நிக்காதவுகளுக்கு மட்டும் விலக்கு."

உள்ளே போகும் வழியெல்லாம் கேமரா. அறுபத்து நான்கு என்றார் சோணைமுத்து பெருமையாக. ஒரு கேமராவை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அடுத்த கேமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அதற்கடுத்தது பார்த்தது.

"கடைசிக் கேமராவை?"

"நான் பாக்குறேன்."

"உங்களை?"

"மொதக் கேமரா."

அப்படியானால் அறைகளை யார் பார்ப்பது என்று பாண்டீஸ்வரன் கேட்கவில்லை. ஏ-1 அறையில் காவல் நாய் இருந்தது. உயர்ந்த சாதி நாய் என்பதால் திருட்டுப் போய்விடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

"குரைக்குமா?"

"குரைக்கும்னுதான் நெனைக்கிறேன். சத்தம் வெளிய வராத அறை சார்."

தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அய்யப்பன் நிறுவனத்தின் முதலாளியும்கூட. மேசையில் இருந்த பேனா, மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்தது. மேசை தரையோடு. பக்கத்தில் ஆவண அதிகாரி நாச்சியம்மை பெரிய பதிவேட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து அமர்ந்திருந்தார்.

"என் மனைவி அறை எடுத்திருக்கா. சி-17. சாமானை எடுக்கணும்."

'எடுக்கணும்' என்ற சொல் அய்யப்பனுக்கு வலித்தது.

"தம்பி, பொருளுக்கு ஆபத்து யாரால வருது? திருடனாலன்னு நெனைக்கிறீக. திருடன் வருசத்துக்கு ஒருக்கா வருவான். உரிமையாளர் மாசம் ரெண்டு தடவ வாராரு. வந்தா சும்மா போறாரா? எதையாச்சும் எடுத்துட்டுப் போயிர்றாரு. இதை மத்த கிட்டங்கிக்காரன் எவனும் யோசிக்கல. நான் யோசிச்சேன். நாலு வருசமா இங்கேருந்து ஒரு கரண்டி வெளிய போகல. திருட்டாவும் போகல, நேராவும் போகல."

"அப்ப எடுக்கவே முடியாதா?"

"யார் சொன்னா? விதி இருக்கு." அவர் எழுந்து நின்றார். "எங்க பூட்டு சீமைப் பூட்டு இல்ல, நம்ம ஊர்ப் பூட்டு. கண்டரமாணிக்கத்துல ஒரு வீடு, முப்பத்திரண்டு பங்கு. நடுவுல ஒரு அறை. ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, ரெண்டு பங்காளி. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அறுபது வருசம், தம்பி! உள்ள இருந்த பொருளை ஒரு பய தொடல. அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது. உலகத்துலயே நல்ல பூட்டு எது? பேசிக்கிறாத ரெண்டு சொந்தக்காரன்."

அதைத்தான் அவர் தொழிலாக்கியிருந்தார். அறை எடுப்பவர் இரண்டாவது ஆளாக ஒருவர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பேசாப் பங்காளி என்று பெயர். உரிமையாளரோடு பேச்சுவார்த்தை இல்லாத உறவினராக இருக்க வேண்டும். சாமான் வைக்க உரிமையாளர் மட்டும் வந்தால் போதும். எடுப்பதென்றால் இருவரும் சேர்ந்து வந்து நிற்க வேண்டும்.

"பேசாதவங்க எப்படிச் சேர்ந்து வருவாங்க?"

அய்யப்பன் முகம் மலர்ந்தது. "அதான் தம்பி பாதுகாப்பு."

"துர்கா யார் பேரை எழுதியிருக்கா?"

"சொல்ல மாட்டோம். சொன்னா நீங்க போய்ப் பார்ப்பீக. அவுக ஒரு வாய் காப்பி குடுப்பாக. ரெண்டு வார்த்தை பேசிருவீக. பூட்டு செத்துப் போச்சு."

"அந்த ஆளுக்காவது தெரியுமா?"

"அதெப்படி? பேச்சுவார்த்தை இல்லாத ஆளுக்கிட்ட எப்படிப் போய்ச் சம்மதம் கேக்குறது?"

பாண்டீஸ்வரன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். "அவ இறந்துட்டா."

நாச்சியம்மை பதிவேட்டைப் புரட்டி, விரலால் கட்டம் கட்டமாகத் தேடினார். "அதுக்கு இதுல கட்டம் இல்லைங்களே. நீண்டகால வருகையின்மைன்னு போட்டுக்கிறவா?"

போட்டுக்கொண்டார். கடைசியாக வந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் உரிமையாளர் வராவிட்டால் அறை நிரந்தரக் காப்புக்குப் போகும். அதாவது கதவை நான்கு பக்கமும் வெல்டிங் வைத்து அடைத்துவிடுவார்கள். "அது எங்களோட உச்சபட்ச மரியாதை, எல்லாருக்கும் கெடைச்சிராது" என்றார் அய்யப்பன். சி-17க்குக் கிடைக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அதற்குள் அவன் பேசாப் பங்காளியைக் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டும். மூன்று முறை ஆள் சொல்லலாம். மூன்றும் தவறினால் அன்றே வெல்டிங். ஆளைச் சரிபார்க்க மூன்று பேர் குழு. அய்யப்பன், நாச்சியம்மை, பங்குதாரர் பூமிநாதன். பூமிநாதன் அய்யப்பனின் உடன்பிறந்த தம்பி. அண்ணனோடு பேச்சில்லை. ஆகவே அடுத்த அறையிலிருந்து சுவர் ஓட்டை வழியாகத் துண்டுச் சீட்டில் கருத்துச் சொல்வார். நிறுவனத்தின் கல்லாப்பெட்டியை இருவரும் திறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று நாச்சியம்மை பக்தியோடு சொன்னார்.

வெளியே சோணைமுத்து பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். "துர்கா புள்ள வீட்டுக்காரரா சார் நீங்க? தங்கமான புள்ள. என்னமாப் பேசும்!"

பாண்டீஸ்வரன் பெல்ட்டை ஒரு துளை அதிகமாக இறுக்கினான்.

யாராக இருக்கும்? பஸ்ஸில் தன் ஊரான கீழச்சிவல்பட்டி வந்து சேர்வதற்குள் அவனுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. கார்த்திக். அவள் தாய்மாமன் மகன். கட்டிக்கொள்கிற முறை. அவளை அவனுக்குத்தான் கொடுப்பதாக இருந்து, நகைப் பேச்சில் முறிந்து, இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லாமல் இருந்தது. ஒருவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டுமென்றால் அவரை அவ்வளவு நினைத்திருக்க வேண்டும். சும்மா பேசுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வைராக்கியமாகப் பேசாமல் இருக்கிற ஆள் வாழ்க்கையில் ஒருவர்தான். அந்த இடத்தில் கார்த்திக் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்க, இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

போனில் நான்கு சொல் சொன்னான். "கிட்டங்கிக்கு வா. துர்கா சாமான்."

கார்த்திக் நெற்குப்பையில் ஜேசிபி வாடகைக்கு விடுகிறவன். புல்லட்டில் வந்து இறங்கி, பெல்ட், கடிகாரம், காப்பு, மோதிரம் எல்லாம் கழற்றிவைத்து, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குழுவின் முன் நின்றான். அவனுக்கு விலக்குக் கேட்கத் தெரியவில்லை.

அய்யப்பன் கேட்டார். "துர்காதேவியோட எத்தனை நாளாப் பேச்சில்ல?"

"பேச்சில்லையா? யாரு சொன்னா?" கார்த்திக் பாண்டீஸ்வரனைப் பார்த்தான். "நீங்களாண்ணே சொன்னீக? வெள்ளிக்கெழமை தவறாம போன் போடும்ணே. பெருசுகளுக்குள்ளதான் சண்டை, எங்களுக்கு என்ன? கார் ஓட்டக் கத்துக்குடு அத்தான்னு உசிர எடுக்கும். கம்மாய்க் கரையில நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டாவது கியர் வரைக்கும் வந்துருச்சு." பேண்ட்டைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய், சமாளித்துக்கொண்டான்.

"தகுதி இல்ல" என்றார் அய்யப்பன். "அன்பு இருக்கு."

நாச்சியம்மை சிவப்பு முத்திரை குத்தினார். முத்திரையில் 'அன்புள்ளவர் – நிராகரிப்பு' என்று தயாராகவே இருந்தது. சுவர் ஓட்டையில் சீட்டு விழுந்தது. 'நிராகரிப்பு. ஏசியைக் குறைக்கச் சொல்லவும். எவரிடம் என்று நான் சொல்ல மாட்டேன்.'

திரும்பி வரும்போது கார்த்திக் டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். பாண்டீஸ்வரன் இறங்கவில்லை. இரண்டாவது கியர். அவள் அதுவரை வந்தது ஒரு கண்மாய்க்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் நிற்கிற காரின் சாவி ஐந்து வருடமாக அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

விஷயம் வீட்டுக்குள் பரவியது. அந்த வீட்டில் பதினோரு பேர். எதுவும் பரவாமல் இருக்க அங்கே இடம் இல்லை. மறுநாள் அண்ணன் மனைவி சத்தியப்பிரியா சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"தம்பி, எதுக்கு ஊரெல்லாம் தேடுறீக? அது நாந்தான்."

"மதினி?"

"ஆமா. தீபாவளிச் சேலை விசயத்துல எனக்கும் அவளுக்கும் பேச்சில்லாமப் போச்சு. தெருவுக்கே தெரியும். அவ போறவரைக்கும் பேசல. பத்து மாசம்!" கடைசி இரண்டு சொல்லில் ஒரு பெருமை இருந்தது. "என்னைத் தவிர அவ வேற யார எழுதப் போறா?"

பத்து மாதம். ஒரே அடுப்படியில், ஒரே அம்மியடியில், பத்து மாதம் விடாமல் துர்கா இவளோடு பேசாமல் இருந்திருக்கிறாள். பாண்டீஸ்வரனுக்கு மதினியைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கூட்டிக்கொண்டு போனான். பன்னிரண்டு நாள்தான் மிச்சம்.

குழு அவளை நம்பத் தயாராகத்தான் இருந்தது. சேலைச் சண்டை அவர்கள் பட்டியலில் முதல் தரப் பகை. நாச்சியம்மை உறுதிக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி, அவசரம், உடம்புக்கு முடியல, அந்த மாதிரி எந்தச் சமயத்துலயும் பேசலையா?"

"சத்தியமா இல்ல. இடி இடிச்சா மட்டும் என் ரூமுக்கு வந்து படுத்துக்குவா. அப்பயும் பேச மாட்டா. அவளுக்கு இடின்னா நடுங்கும். என் கையப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பா. விடிஞ்சதும் கைய உதறிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவா, கழுத!" சத்தியப்பிரியா மூக்கை உறிஞ்சினாள். "சனியன், எம்புட்டு வைராக்கியம் பாருங்க."

அய்யப்பன் பெருமூச்சு விட்டார். "கையப் புடிச்சிருக்காக. விதியில இடிக்கு விலக்கு இல்லம்மா."

முத்திரை விழுந்தது. சீட்டும் விழுந்தது.

இடி இடித்த இரவுகளில் பாண்டீஸ்வரன் அதே வீட்டில்தான் தூங்கினான். பக்கத்தில் ஆள் எழுந்துபோனது அவனுக்குத் தெரிந்ததில்லை.

இன்னும் ஒரு முறைதான் இருந்தது. இனி ஊகிக்கக் கூடாது என்று முடிவு செய்தான். முறையாக விசாரிப்பது, அவளோடு பேசாத ஆள் கிடைக்கும்வரை ஒவ்வொருவராகக் கழிப்பது. கல்லூரியில் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பான், இயந்திரத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க. ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டான்.

அவன் அப்பா மனிதர்களோடு பேச விரும்பாதவர். "மருமக எனக்குத் தெனமும் பேப்பர் வாசிச்சுக் காட்டும்டா. கண்ணு தெரியலன்னு ஒனக்குச் சொன்னா நீ என்ன பண்ணப் போற?" என்றார். பால் கறக்கிற பொன்னுத்தாயி, "சீம்பாலுக்கு மொத ஆளா வந்து நிக்கும், ஒத்தப் படியில உக்காந்து அங்கனயே குடிச்சுப்புட்டு அரைமணி நேரம் கத வளக்கும்" என்றாள். அவளுக்குச் சீம்பால் பிடிக்கும் என்பதை அவன் குறித்துக்கொண்டான். குறித்துக்கொள்ளத் தேவையில்லை, இருந்தாலும் குறித்துக்கொண்டான். அவள் காரைக்குடி கண் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்வந்த பஸ்ஸின் நடத்துநர், அவள் தன் சம்சாரத்துக்கே இரண்டு முறை போனில் புத்தி சொன்னதாகச் சொன்னார். தையற்காரர் அழுதார். சந்தைப்பேட்டையில் கீரை விற்கிற அம்மாள் இவன் யார் என்று தெரிந்ததும் ஒரு கட்டு கீரையைச் சும்மா கொடுத்து, "நீயா அந்த மகராசன்? ஒன்னப் பத்திப் பேச்சே எடுக்காது, எங்கயோ வெளியூர்ல இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள்.

சோணைமுத்துவையும் விடவில்லை. "எம் மகளுக்குக் காலேஜ் அப்ளிகேசன் போட்டுக் குடுத்ததே அதுதான் சார். சாமான வச்சுட்டு இந்தா இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் போட்டுச்சு."

ஸ்டூலைக்கூட அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

எல்லோரிடமும் பேசியிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் அவளில் ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள், பங்கு பிரித்த மாதிரி. தாளில் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. பதினேழாம் நாள், கடைசிப் பெயரையும் அடித்துவிட்டு அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு பெயரை அவன் எழுதவே இல்லை.

குழுவின் முன் போய் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தான்.

அய்யப்பன் துர்காதேவியின் படிவம் இருந்த உறையின் அரக்கு முத்திரையை உடைத்தார். படித்தார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

"சரியான விடை! நாலு வருசத்துல மொத ஆளு நீங்கதான்."

படிவத்தை நாச்சியம்மை உரக்க வாசித்தார். "பேசாப் பங்காளி: பாண்டீஸ்வரன். உறவு: கணவர். பேச்சின்மைக்கான காரணம்: சண்டை இல்லை. பேச்சும் இல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாதிரி எழுதுனது இவுக ஒருத்தர்தான். மத்தவுகல்லாம் வாய்க்கா, வரப்பு, வழக்கு நம்பர்னு எழுதுவாக."

"உயர்ந்த வகை" என்றார் அய்யப்பன், ரசித்து. "சண்டைன்னா என்னைக்காச்சும் தீந்துரும். இது தீர வழியே இல்ல பாருங்க. பாதுகாப்புன்னா இது பாதுகாப்பு."

அவள் பேசாமல் இருந்த ஒரே ஆள் அவன்தான். கார்த்திக் இல்லை, மதினி இல்லை, ஊரில் ஒருவரும் இல்லை. அந்த இடம் அவனுக்கு மட்டும் உரியது. ஒரு நிமிடம் பாண்டீஸ்வரனுக்குப் போட்டியில் ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் எதில் ஜெயித்தோம் என்று தெரிந்தது.

"கதவைத் திறங்க."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு தம்பி. உரிமையாளரும் பேசாப் பங்காளியும் சேந்து வரணும். உரிமையாளர் வரமாட்டாக. அவுகளுக்கு வாரிசு யாரு?"

"நான்."

"அப்ப உரிமையாளரும் நீங்க, பேசாப் பங்காளியும் நீங்க. தப்பில்ல. ஆனா ரெண்டு பேருக்கும் இடையில பேச்சுவார்த்தை இல்லைன்னு உறுதிப்படுத்தணும்."

"எனக்கும் எனக்குமா?"

"நாங்க ஆளைப் பாக்குறதில்ல தம்பி. விதியத்தான் பாக்குறோம்."

நிறுவனத்தில் இதற்கென்று ஓர் அறை இருந்தது. இரண்டு நாற்காலி, எதிரெதிரே. இரு தரப்பும் முப்பது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற வாடிக்கையாளர்களில் யாரும் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. "ஒங்க அப்பன்தான்டா வரப்ப வெட்டுனான்" என்று ஆரம்பித்துவிடுவார்களாம்.

"நீங்க தேறிருவீக" என்று அய்யப்பன் முதுகில் தட்டினார். "உங்களப் பாத்தாலே தெரியுது. கல்லு மாதிரி இருக்கீக."

பாண்டீஸ்வரன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் நாச்சியம்மை ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தார். 'உரிமையாளர்: துர்காதேவி (வாரிசு வழியாக).' கதவைச் சாத்திக்கொண்டு போனார். மேலே கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பேசாமல் இருப்பது அவனுக்குப் பெரிய காரியமே இல்லை. ஐந்து வருடம் அவள் எதிரில் அப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோவான். பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. இங்கே தட்டு இல்லை. எழுந்துபோகவும் முடியாது.

இருபத்து நான்காம் நிமிடம் அவன் அட்டையைப் பார்த்துச் சொன்னான்.

"கார்த்திக்குக்கு வாராவாரம் போன் போட்டியாமே."

சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை.

"ரெண்டாவது கியர் வரைக்கும் வந்தியாம். சாவி எங்கிட்டதான இருந்துச்சு? கேட்டா என்ன? மதினிகூட பேச மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, அதோட கையப் புடிச்சுக்கிட்டுத் தூங்கியிருக்க. என் கைக்கு என்ன கேடு? இடி இடிச்சா ஒரு உதை விட்டு எழுப்புறது. எங்கப்பாவுக்குப் பேப்பர் வாசிச்சியாம். எனக்கு ஒரு வரி வாசிச்சிருக்கியா? கீரைக்காரம்மா என்னைய வெளியூருன்னு நெனச்சிருக்கு, துர்கா. இந்த வாச்மேனு மகளுக்கு அப்ளிகேசன் போடத் தெரியுது. சீம்பால் புடிக்கும்னு பொன்னுத்தாயிக்குத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் எதுவுமே தெரியல? நான் கேக்கலன்னா நீ சொல்ல மாட்டியா? நீயும் எம்புட்டு அழுத்தக்காரிடி."

முப்பது நிமிடம் முடிந்து மணி அடித்தது. அவன் நிறுத்தவில்லை. ஐம்பது நிமிடம் பேசினான். இடையில் ஒருமுறை சிரித்ததாகவும் பதிவில் இருக்கிறது. நாச்சியம்மை உள்ளே வந்து அவன் தோளைத் தொட்டபோது தன் முகம் நனைந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அய்யப்பன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இப்பிடிப் பண்ணிட்டீகளே தம்பி. எவ்வளவு அருமையான பகை! இன்னும் ஆறு நிமிசம் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா..." சுவர் ஓட்டையில் விழுந்த சீட்டை வாசித்தார். 'இரு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டதால் பூட்டு தகுதி இழந்தது. தகுதியற்ற பூட்டுள்ள அறை, விதி பதினொன்றின்படி உடனே நிரந்தரக் காப்பு.'

பாண்டீஸ்வரன் சட்டம் பேசினான். போலீஸ் என்றான். அய்யப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். துர்காதேவி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டினார். அது அவள் கையெழுத்துத்தான். கடைசி எழுத்தை மேலே இழுத்துவிட்டுப் போடுவாள். அவன் அதைப் பார்த்ததோடு பேச்சை விட்டுவிட்டான்.

அன்று மாலையே வெல்டர் வந்தார். நீலத் தீப்பொறி பறக்க, சி-17இன் கதவு நான்கு பக்கமும் சுவரோடு ஒன்றானது. சோணைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

வேலை முடிந்ததும் நாச்சியம்மை பதிவேட்டைத் திறந்தார். "இனி எடுக்க முடியாதுங்கிறதால உள்ள என்ன இருக்குன்னு இப்ப வாசிச்சுக் காட்டலாம். விதி இருக்கு." ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒத்தை அடுப்பு கேஸ் ஸ்டவ், ஒண்ணு. மூணு லிட்டர் குக்கர், ஒண்ணு. தட்டு, ரெண்டு. டம்ளர், ரெண்டு. கோரைப்பாய், ஒண்ணு. வாடகை வீடு விளம்பரம் வெட்டி ஒட்டின நோட்டு, ஒண்ணு. ஆம்பளைச் செருப்பு, ஒரு சோடி, எட்டாம் நம்பர், பிரிக்காதது. அம்புட்டுத்தாங்க."

இரண்டு தட்டு. பதினோரு பேர் வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். பிறகு செருப்பு ஞாபகம் வந்தது.

எட்டாம் நம்பர்.

அவனுக்கு ஒன்பது.

பழைய எரிச்சல் திரும்பி வந்தது. யார் அந்த எட்டாம் நம்பர்? கார்த்திக்குக்குக் குறைந்தது பத்து இருக்கும். வேறு யார்? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வெல்டிங் வாடை போகாத சட்டையோடு ரோட்டுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவன் ஆய்வகத்தில் இருந்தான். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவள் செருப்புக் கடையிலிருந்து போன் போட்டாள்.

"உங்களுக்கு எட்டுத்தானங்க?"

அவன் காதில் சரியாக விழவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை. "ம்" என்றான்.

பஸ் வந்தது. நடத்துநர் அவனைத் தெரிந்துகொண்டு முன் சீட்டைக் காட்டினார். பாண்டீஸ்வரன் உட்கார்ந்தான். பூட்டிய கதவுக்குப் பின்னால், இரண்டு தட்டும் ஒரு பாயும் உள்ள வீட்டில், அந்த எட்டாம் நம்பர்க் கால்காரனோடு அவள் குடியிருக்கப் போகிறாள், இனி யாராலும் எடுக்க முடியாதபடி. அவள் கேட்டதைக் காதில் வாங்கிச் சரியாகப் பதில் சொன்னவன் அவன். ஊர் வந்து சேரும்வரை பாண்டீஸ்வரன் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தான்.